மாப்பிள்ளைக்கு விழுந்த ஒன்ஸ்மோர்

உள்ள வாங்க உபதேசியாரே. தலை இடிச்சிராம வாங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆட்டம். கட்டில்ல உக்காருங்க. அந்தத் துணியெல்லாம் ஓரமாத் தள்ளிருங்க. வீட்ல பொம்பள இல்லன்னா வீடு இப்பிடித்தான் கெடக்கும், கண்டுக்கிடாதீங்க.

முள்ளிவிளைப் போதகர் ஐயா அனுப்பினாரா? சமாதானம் பேசவா? நல்ல காரியம். நானும் அதுக்குத்தான் ஏங்கிக் கெடக்கேன். வாற கிறிஸ்மஸுக்குள்ள எம் பொண்டாட்டி வேதக்கனியும் எம் மக பியூலாவும் இந்த வீட்டு வாசல்ல வந்து எறங்கணும். மக அப்பிடியே அவ புருசன் வீட்டுக்குப் போய்ச் சேரணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம். போன கிறிஸ்மஸ்லேருந்து ரெண்டுபேரும் அங்க அதிசயம் வீட்லயே கெடக்காளுவ. அதிசயம் யாருன்னு தெரியும்லா? உங்க கோயிலுக்குப் பின்னால கறிக்கடை வச்சிருக்கானே, அவன்தான். வேதக்கனிக்குத் தம்பி.

நீங்க ஊருக்குப் புதுசு. அவன் ஒரு கதை சொல்லியிருப்பான். அது அப்பிடியே இருக்கட்டும். எங்கிட்டயும் முழுசாக் கேளுங்க. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, இந்த மாசிலாமணி பேர்ல என்ன தப்புன்னு.

பால் கெடையாது, கருப்பட்டிக் காப்பி போடுதேன். வலது கை தோளுக்கு மேல எழும்பாது, கொஞ்சம் சிந்தும். எதனாலன்னு சொல்லுதேன், அதுவும் அந்தக் கதையிலதான் வருது.

உங்க ஊரு பழக்கம் உங்களுக்கு யாரும் சொன்னாங்களா? கிறிஸ்மஸுக்கு மறுநா அசனம். கோயில் முத்தத்துல பெரிய பெரிய வட்டாவுல ஊரே சேர்ந்து சோறாக்கி, ஊரே ஒரே பந்தியா இருந்து தின்னும். அன்னைக்கிச் சாயங்காலம் பாட்டு நாடகம். பேச்சு கொஞ்சம், பாட்டுதான் நெறைய. ஆர்மோனியம், தபலா, டியூப் லைட்டு, ஒரே அமர்க்களம். அதுல வேஷம் கட்டுறது பூராவும் மாப்பிள்ளமாருதான். முள்ளிவிளையில பொண்ணு கட்டினவனுக்குத்தான் வேஷம். பொண்ணக் கூட்டிட்டுப் போனவன் வருசத்துக்கு ஒருக்கயாவது வந்து தல காட்டணும், வந்தா தின்னுட்டுத் தூங்காம ஊரைச் சிரிக்க வைக்கணும்னு பழைய ஆளுக வச்ச ஏற்பாடு. ராஜா வேஷம் மட்டும் உள்ளூர்க்காரனுக்கு. அவன் சிம்மாசனத்துல இருந்துக்கிட்டு மாப்பிள்ளமாரை வையலாம், மிரட்டலாம், அடிக்கலாம். எல்லாம் பாட்டுல, தாளத்துல. மத்த நாள்ல மாப்பிள்ளைய ஒரு சொல்லு சொல்ல முடியுமா? அன்னைக்கி ஒரு நாள்தான்.

இன்னொண்ணும் உண்டு. கூட்டத்துலேருந்து ‘ஒன்ஸ்மோர்’னு சத்தம் வந்தா, அந்த எடத்தத் திரும்ப ஆடிக் காட்டணும். முடியாதுன்னு சொல்லப்படாது. சொன்னா ஊரை மதிக்கலன்னு அர்த்தம். நான் மேய்ப்பன் வேஷம் கட்டுன காலத்துல ஒரே பாட்டுக்குத் திரும்பத் திரும்ப ஒன்ஸ்மோர் வாங்கித் தொண்டை கட்டிப் போயிருக்கேன். இப்ப பேசுத தொண்டைய வச்சு எடை போடாதீங்க.

போன வருசம் நான் அதிசயத்துக்கிட்டச் சொன்னேன், ‘ஏ மாப்ள, எனக்கு வயசாச்சு, எம் மருமகனுக்கு ஒரு வேஷம் குடு, அவரும் முள்ளிவிளைப் பேத்தியத்தானே கட்டியிருக்காரு’ன்னு. அவன் உடனே பிடி குடுக்கல. ‘பாக்கலாம் அத்தான்’ன்னான். நான்தான் விடாம நச்சரிச்சு வாங்கினேன். பொறாம பிடிச்சவன், நம்ம வீட்டுக்கு ஒரு பேரு வாறது பொறுக்கல.

மாப்பிள்ள எட்வினப் பத்திச் சொல்லணும்லா. தங்கம். தூத்துக்குடியில ஒரு கம்பெனியில சூப்பர்வைசரு. குடி கெடையாது, பீடி கெடையாது, வெத்தல கூடக் கெடையாது. ஞாயித்துக்கிழம பாடகர் குழுவுல முன்வரிசையில நிப்பாரு. பாடினா கல்லும் கரையும். கோவம் மட்டும் கொஞ்சம் வரும். வரட்டுமே. ஆம்பளைக்குக் கோவமும் வரலன்னா அப்பொறம் என்னத்துக்கு ஆம்பள?

எம் மக இருக்காளே, அவ சின்னதப் பெருசாக்குறவ. மழைக்கு முந்தி ஒருநா ஒரு துணிப்பையத் தூக்கிட்டு வந்து நிக்கா. உதடு வீங்கி இருக்கு. ‘எப்பா, நான் இனிம அங்க போகல’ங்கா. நான் வஞ்சனா? இல்ல. அடிச்சனா? இல்ல. இந்தா, இந்தக் கட்டில்ல உக்கார வச்சு, கையாலக் காப்பி போட்டுக் குடுத்தேன். வேதக்கனிய விட்டு மீன்குழம்பு வைக்கச் சொன்னேன். தின்னு முடிச்சதும் வேன்ல ஏத்தினேன். அப்ப லோடு வேன் ஓட்டிக்கிட்டிருந்தேன்லா. தூத்துக்குடி வரைக்கும் ஒரு மேடு பள்ளத்துல வண்டியத் தூக்கிப் போடல. முட்டை லோடு கொண்டு போற மாதிரி கொண்டு போயி அவ வீட்டு வாசல்ல எறக்கினேன். அந்தப் பாசம் அவளுக்குத் தெரியல.

மாப்பிள்ளையச் சும்மாவும் விடல நான். தனியாக் கூப்பிட்டுக் கண்டிச்சேன். ‘மாப்ள, கை நீட்டுறதா இருந்தா மூஞ்சியில வேண்டாம், நாலு பேரு பாப்பாங்க’ன்னு நேருக்கு நேராச் சொன்னேன். தலையக் குனிஞ்சிக்கிட்டு ‘சரி மாமா’ன்னாரு. அதுக்கப்பொறம் மூஞ்சியில ஒரு சின்னக் கீறல் உண்டா? கேட்டுப் பாருங்க. சொன்ன சொல்லக் காப்பாத்துற மனுசன்.

சரி, காப்பியப் பிடிங்க. சூடு, பாத்து.

அன்னைக்கிக் காலையில எல்லாரும் நம்ம வேன்லதான் போனோம். முன்னால நானும் மாப்பிள்ளையும். பின்னால ஜமுக்காளத்த விரிச்சு வேதக்கனியும் பியூலாவும், கூட அசனத்துக்கு நம்ம பங்கா ரெண்டு சாக்கு பூசணிக்காயி. மாப்பிள்ள வழியெல்லாம் பாட்டப் பாடிப் பாத்துக்கிட்டே வாராரு. எனக்கு வண்டி ஓட்டவே தோணல, இவ்வளவு சந்தோசமா ஒரு குடும்பமான்னு. பின்னால எட்டிப் பாத்து, ‘ஏட்டி பியூலா, கேட்டியா உம் புருசன் பாட்ட?’ங்கேன். திரும்பிக்கூடப் பாக்கல அவ. இன்னொருக்கக் கூப்பிட்டேன். அதுக்கும் அசைவு இல்ல. வேதக்கனி சொல்லுதா, ‘அவ தூங்குதா, விடுங்க’ன்னு. கண்ணத் தொறந்துக்கிட்டுத் தூங்குதாளாம்! திமிரு. கையில வேற மணிக்கட்டுல ஒரு துணியச் சுத்தியிருந்தா. கேட்டதுக்குக் குளிக்கிற எடத்துல வழுக்கிட்டுன்னு மாப்பிள்ளதான் சொன்னாரு. பாருங்க, அவளுக்கு வலிச்சா பதில் சொல்லுறது அவரு. அவ்வளவு கரிசனம்.

போய் எறங்கினதும் பியூலாவும் அவங்கம்மாவும் வெங்காயம் உரிக்கிற எடத்துக்குப் போயிட்டாளுவ. மத்தியானம் நான் அந்தப் பக்கமா தண்ணி குடிக்கப் போனேன். அம்புட்டுப் பொம்பளையும் கண்ணுல தண்ணி வடிய இருக்காளுவ. பியூலா நடுவுல. அந்தத் துணிய அவுத்திருந்தா. என்னையப் பாத்ததும் பேச்ச நிப்பாட்டிட்டாளுவ. அந்த வருசம் வெங்காயம் அப்பிடிக் காரம், பாத்துக்கிடுங்க.

ஏழு மணிக்கு நாடகம். பிறந்த பிள்ளைகளையெல்லாம் கொல்லச் சொன்ன பொல்லாத ராஜா உண்டுல்லா, அந்தக் கதைதான். அதுல ஊரா ஒரு காட்சி சேத்திருக்கு. பிள்ளையத் தூக்கிட்டுத் தப்பிச்சுப் போற குடும்பத்தக் கோட்டை வாசக்காரன் பாவம் பாத்து விட்டுருவான். மறுநா ராஜா அவனக் கூப்பிட்டு விசாரிப்பான். வாசக்காரன் நம்ம மாப்பிள்ள. வெள்ளித்தாள் சுத்துன ஈட்டி, தலையில சிவப்புத் தலப்பா. மேடைக்கு வந்து நின்னாரு பாருங்க, நான் பக்கத்துல இருந்தவன்கிட்டயெல்லாம் ‘எம் மருமகன், எம் மருமகன்’னு சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுட்டு.

ராஜா அதிசயம். ஆடு உரிக்கிற கை, ஒவ்வொண்ணும் பனமட்டை மாதிரி இருக்கும். பாடுதான்:

‘கதவத் தொறந்தது யாரடா – ராஜா
கேக்கும்போதே வாயத் தெறடா!’

அந்த ‘தெறடா’வுல ஒரு அடி. மெய்யா இல்ல. அவன் கைய வீசுவான், மாப்பிள்ள மூஞ்சியத் திருப்புவாரு, தபலாக்காரன் ‘டப்’புன்னு ஒண்ணு போடுவான். மாப்பிள்ள ஒரு சுத்து சுத்தி விழுவாரு. ஒத்திகையில அம்பது தடவ பாத்ததுதான். நல்லாத்தான் செஞ்சாங்க. தலப்பா உருண்டு ஓடிச்சு. ஊரே சிரிக்கி. நானும் சிரிச்சேன், ஏன் பொய் சொல்லணும்.

சிரிப்பு அடங்குது. அப்ப பொம்பளைங்க பக்கத்துலேருந்து ஒத்தக் குரலு. ‘ஒன்ஸ்மோர்!’

எனக்குக் காது நல்ல காது உபதேசியாரே. இஞ்சின் சத்தத்த வச்சே எந்த போல்ட்டு லூசுன்னு சொல்லுவேன். அந்தக் குரலு எனக்குத் தெரியுது, ஆனா நம்ப முடியல. திரும்பிப் பாக்கேன். பியூலா. எழும்பி நிக்கா. சத்தம் போட்டே பேசாத பிள்ள. சிரிக்கா. கல்யாணத்துக்கு அப்பொறம் அவ பல்லு நான் பாத்ததே அன்னைக்கித்தான்.

ஒன்ஸ்மோர்னா ஆடணும்லா. ஆடினாங்க. மாப்பிள்ள எழும்பித் தலப்பாவ மாட்டினாரு. பாட்டு, அடி, ‘டப்’பு, சுத்து. விழுந்தாரு. அவ மறுபடியும், ‘ஒன்ஸ்மோர்!’ இந்தத் தடவ அவ ஒத்தையா இல்ல. வெங்காயம் உரிச்சவளுவ அம்புட்டும் எழும்பிட்டாளுவ. கைய வேற தட்டுதாளுவ. ஆம்பளைங்க பக்கம் ஒருத்தனுக்கும் ஒண்ணும் புரியல. மேடையில மாப்பிள்ளைக்கு மூஞ்சி செவந்துட்டு. ‘போதும் மாமா’ன்னு அதிசயத்துக்கிட்டச் சொல்லுதாரு, வாயசைவுல தெரியுது எனக்கு. அதிசயம் அவரப் பாக்கல. கீழ அவளப் பாக்கான். அவ அந்தக் கைய, துணி அவுத்த கைய, ஒசக்கத் தூக்கிக் காட்டிக்கிட்டு நிக்கா. டியூப் லைட்டுல நீலமா, பச்சையா, என்னமோ நெறம். அவன் ரொம்ப நேரம் பாத்தான்.

ஆர்மோனியத்துக்குக் கைய காட்டினான். பாட்டு எடுத்தான். குரலு மாறிப் போச்சு, கரகரன்னு. ‘வாயத் தெறடா’ன்னான். அடிச்சான்.

தபலாக்காரன் கை மேலயே நிக்கி, உபதேசியாரே. அவன் தட்டவே இல்ல. அடி விழுந்த சத்தம் மட்டும் தனியாக் கேட்டுது. பச்சை மட்டையத் தரையில அடிச்ச மாதிரி. மாப்பிள்ள சுத்தவும் இல்ல. அப்பிடியே போயி ஆர்மோனியத்து மேல விழுந்தாரு. அது ‘ஙொய்ய்’னு ஒரு சத்தம் போட்டுச்சு. எழும்பினா மூக்குலேருந்து ரத்தம் தாடைக்கு வருது.

சனம் இது நாடகம்னு நெனச்சிக்கிட்டுக் கைதட்டுது!

எனக்கு எப்பிடி இருக்கும், நீங்களே சொல்லுங்க. நம்ம வீட்டு மாப்பிள்ள. ஊருக்கு முன்னால. நான் கேட்டு வாங்கிக் குடுத்த வேஷம். என் ரத்தம் கொதிச்சிட்டு. செருப்பக் கழத்திப் போட்டுட்டு மேடைக்கு ஓடினேன். நான் இந்தப் பக்கம் ஏறுதேன், மாப்பிள்ள அந்தப் பக்கம் ஈட்டியோட குதிச்சு எறங்குதாரு. அவரு எங்க போறாருன்னு நான் பாக்கல. பாக்க எங்க நேரம்? எனக்கு அதிசயம்தான் வேணும். சிம்மாசனம்னு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில செவப்புத் துணி சுத்தி வச்சிருந்தான். அதத் தூக்கி அவன் தலையில எறக்கினேன். கிரீடம் நசுங்கிட்டு. காது பக்கம் கிழிஞ்சு ரத்தம் கொட்டுது. மூக்குல ஒண்ணு குத்தினேன். இப்ப நினைச்சாலும் கைக்கு சொகமா இருக்கு. அறுவது வயசுக்காரன் குத்து மாதிரியா இருந்துச்சு!

அவன் திருப்பி அடிக்கல. பயந்தாங்கொள்ளி. ரெண்டு கையாலயும் என் தோளப் பிடிச்சுக்கிட்டு, ‘அத்தான், என்னையப் பொறவு அடிங்க. கீழ பாருங்க அத்தான், மொதல்ல கீழ பாருங்க’ங்கான். எனக்கா தெரியாது? சண்டையில எதிராளி கை காட்டுற பக்கம் திரும்பினா செத்தோம். வேன் ஸ்டாண்டுல நான் பாக்காத சண்டையா? நான் திரும்பல. இன்னும் ரெண்டு வச்சேன். கீழ ஒரே கூச்சல். பெஞ்சு ஒடையுது. ஒரு பிள்ள ‘எப்பா, எப்பா’ன்னு அடித்தொண்டையில கத்துது. திருவிழாக் கூட்டத்துல அப்பனத் தொலைக்கிறது நடக்கிறதுதானே. எந்தப் பிள்ளையோ, பாவம்.

அப்பொறம் ஆளுக சொல்லித்தான் தெரியும். மாப்பிள்ள நேரா பியூலாகிட்டப் போயிருக்காரு. முடியப் பிடிச்சு இழுத்துக் கீழ போட்டு, அந்த ஈட்டிக் கம்பால அடிச்சிருக்காரு. வெறும் கம்பு இல்ல, உள்ள பூவரசு. தப்புதான், நான் இல்லைங்கல. ஆனா யோசிச்சுப் பாருங்க. புருசன் அடி வாங்குறதப் பாத்து ஒன்ஸ்மோர் கேட்டா எவனுக்குத்தான் பொறுக்கும்? ஊரு முன்னால வச்சு அடிச்சதுதான் தப்பு. வீட்டுக்குப் போய்ப் பேசித் தீத்திருக்கலாம்.

அங்கதான் வேதக்கனி வாரா. சோறு கிண்டுற துடுப்பு தெரியும்லா, ஆளு ஒசரம் இருக்கும். அதத் தூக்கிட்டு வந்திருக்கா. மாப்பிள்ள முழங்கால்ல பின்பக்கமா ஒரே போடு. விழுந்தவர எழும்ப விடல. மத்த பொம்பளைங்களும் சேந்துக்கிட்டாளுவ. கரண்டி, அகப்பை, ஒருத்தி அம்மிக் குழவியோட வந்தாளாம், யாரோ பிடிச்சு நிப்பாட்டினாங்களாம். ஒரு பாடகன நடுவுல போட்டு இப்பிடியா?

அதுக்குப் பொறவு அவ மேடையில ஏறினா. நான் அதிசயத்தக் கழுத்தப் பிடிச்சு அமுக்கிக்கிட்டு இருக்கேன். பின்னாலேருந்து என் தோள்ல ஒண்ணு விழுந்துச்சு பாருங்க. எலும்பு ‘படக்’குன்னு போனது எங் காதுல கேட்டுது. திரும்பினா துடுப்போட வேதக்கனி. பாவம், கூட்டத்துல ஆள் அடையாளம் தெரியல அவளுக்கு. ‘ஏளா, நான்! மாசிலாமணி!’ன்னு கத்தினேன். அப்பொறமும் ஒண்ணு போட்டா. அது முதுகுல. ‘ஏளா, உம் புருசன்!’ன்னேன். அதுக்குத்தான் இருக்கதுலயே பலமா ஒண்ணு வச்சா. காது அடச்சிருக்கும். கோவத்துல காது அடச்சுப் போவும், எனக்கும் அப்பிடி ஆனது உண்டு. டியூப் லைட்டு நெறையத்தான் எரிஞ்சுது, ஆனா எம் மூஞ்சியில நிழல் விழுந்திருக்கும்.

கீழ எவனோ ‘ஒன்ஸ்மோர்’னான். எவன்னு இன்னைக்கி வரைக்கும் தெரியல. தெரிஞ்சா விடமாட்டேன்.

வேதக்கனி ஆளு தெரியாமத்தான் அடிச்சான்னு நான் அடிச்சுச் சொல்லுறதுக்குக் காரணம் இருக்கு. கல்யாணம் ஆகி முப்பத்திரண்டு வருசம். நான் அவள அடிக்காததா? சட்டியத் தூக்கி எறிஞ்சிருக்கேன், ஒருக்கா பல்லு போயிருக்கு. ஒருநாள் ஒரு வார்த்தை எதுத்துப் பேசியிருப்பாளா? அழுதுட்டு அடுத்த நிமிசம் சோறு போடுவா. அப்பிடிப்பட்ட பொம்பள, தெரிஞ்சு அடிப்பாளா புருசன?

எல்லாரையும் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. எனக்குக் கழுத்தெலும்பு. மாப்பிள்ளைக்கு முழங்கால் சில்லு. பியூலாவுக்கு விலா ரெண்டு, மணிக்கட்டு. அவளுக்கு இடது காதும் கேக்கலன்னாங்க. உடனே எல்லாரும் மாப்பிள்ள மேல பாயுதாங்க. நான் விடல. டாக்டரம்மாகிட்டயே போய்க் கேட்டேன், இது அன்னைக்கி அடியில போனதான்னு. அந்த அம்மா சொல்லுது, ‘இது பழசு ஐயா, ஒரு வருசம் இருக்கும், சவ்வு கிழிஞ்சு ஆறாமக் கெடக்கு’ன்னு. பாத்தீங்களா! அன்னைக்கி அடியில போகல. வீண்பழி. நான் அத வார்டுல போய் எல்லார் முன்னாலயும் சத்தமாச் சொன்னேன். அதுக்கு வேதக்கனி என்னைய ஒரு பார்வை பாத்தா. அதுக்கப்பொறம் எங் கட்டில் பக்கமே வரல. மகளுக்குத் தொணைக்கு இருக்கான்னு நான் நெனச்சேன். டிஸ்சார்ஜ் அன்னைக்கி ரெண்டுபேரும் அதிசயத்தோட ஆட்டோவுல ஏறிப் போயிட்டாளுவ. நான் வாசல்ல கஞ்சிப் பாத்திரத்தோட நிக்கேன்.

அவ்வளவுதான் கதை. இப்ப சொல்லுங்க.

என்ன? நான் மன்னிப்புக் கேட்டா அவளுவ மனசு எளகுமா? யாரு, நானா? உபதேசியாரே, கழுத்தெலும்பு போனது எனக்கு. நான் மன்னிச்சிட்டேன்னு போய்ச் சொல்லுங்க. ரெண்டுபேரையும் மன்னிச்சிட்டேன். அதிசயத்தக் கூட மன்னிக்கேன். மேல என்ன வேணும்?

நீங்க செரமப்பட்டு இவ்வளவு தூரம் வந்ததுக்கு ஒரு நல்ல சேதி சொல்லுதேன். நீங்க பேச வேண்டிய அவசியமே இருக்காது. காரியம் இன்னைக்கே முடிஞ்சிரும். மாப்பிள்ள காலையில இங்கதான் வந்தாரு. இப்ப நீங்க இருக்கீங்களே, அதே எடத்துல இருந்து கண்ணுல தண்ணி விட்டாரு. ‘மாமா, அவ இல்லாம என்னால முடியல, நேர்ல போய்க் கூட்டிட்டு வாறேன்’னாரு. எம் மனசு தாங்கல. நம்ம வேனச் சும்மாத்தானே போட்டிருக்கேன், சாவியக் குடுத்தேன். இன்னைக்கிப் போங்க மாப்ள, அதிசயம் ஆடு பிடிக்கச் சந்தைக்குப் போற நாளு, வீட்ல பொம்பளைங்க ரெண்டுபேருதான் இருப்பாளுவ, தொந்தரவு இல்லாமப் பேசலாம்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்.

ஏன் எழும்புதீங்க? காப்பி அப்பிடியே இருக்கு.

எப்பப் போனாரா? நீங்க வாறதுக்குக் கொஞ்சம் முந்தி. இந்நேரம் போய்ச் சேந்திருப்பாரு. கையிலயா? ஒண்ணும் இல்ல. பூ வாங்கியிருந்தாரு. அப்பொறம் ஒரு பாளை அருவா. சீட்டுக்கு அடியில வச்சாரு. நான் கேட்டேன், எதுக்குன்னு. வழியில நொங்கு கெடச்சா வெட்டித் தின்னலாம் மாமான்னாரு.

கார்த்திகையில நொங்கு ஏது? ஆமா... அதானே. நொங்கு கெடையாது இப்ப. எளநீயச் சொல்லியிருப்பாரு.

சத்தம் போடாதீங்க உபதேசியாரே, நான் செவிடா? போன் போடணுமா? நான் போட்டா எடுக்க மாட்டாளுவ. ரெண்டுபேரும் என் நம்பர அடச்சு வச்சிருக்காளுவ. நீங்க போடுங்க. நம்பர் இல்லையா? குடுங்க, நான் நம்பர் சொல்லுதேன்.

போவுதா?

எடுத்திட்டாளா? வேதக்கனியா? என்ன சொல்லுதா? வந்தாரா? எங்க, வீட்டுக்கா? கோயில் முத்தத்துக்கா? ஒத்திகை நடக்குதா இன்னைக்கி? அது எனக்குத் தெரியாதே, பொம்பளைங்க எல்லாம் அங்கயா இருந்தாளுவ... யாரக் கட்டி வச்சிருக்காளுவ? மாப்பிள்ளையவா! மேடைத் தூண்லயா? திரை கட்டுற கயித்தாலயா? போலீசு வாற வரைக்கும்னு... ஏ சாமி! ஒரு சூப்பர்வைசர!

என்ன, வெட்டா? யாருக்கு? வேதக்கனிக்கா? உள்ளங்கையில... அருவாளக் கையாலயே பிடிச்சாளா? சரி சரி, தையல் போட்டாச் சரியாப் போவும். நீங்க அதக் கேளுங்க, மாப்பிள்ளைக்கு முழங்கால் முடியாதே, நிக்க வச்சா கட்டியிருக்காளுவ, இருக்க வச்சா? கேளுங்க.

யாரு? எங்கிட்டப் பேசணுமா? பியூலாவா? குடுங்க, குடுங்க.

மக்கா! நல்லாருக்கியா? அப்பா பேசுதேன்.

ஆமா மக்கா. நான்தான் அனுப்பினேன். நான்தான் சாவி குடுத்தேன். நீ நல்லா இருக்கணும்னுதான்... ஆமா, மாமா சந்தைக்குப் போற நாளுன்னும் நான்தான் சொன்னேன்... ஏ பிள்ள, அதெல்லாம் இருக்கட்டும். வெயில்ல கட்டிப் போட்டிருக்கியளாமே, அவருக்குக் குடிக்கத் தண்ணி குடுத்தியா?

மக்கா?

பியூலா?

வச்சிட்டா. பாத்தீங்களா உபதேசியாரே, அப்பன் இவ்வளவு கரிசனமாக் கேக்கேன், ஒரு பதிலு இல்ல. இன்னொருக்கப் போட்டுக் குடுங்க. எடுக்க மாட்டாளா? உங்க நம்பர்தானே.

சரி, கெளம்புங்க. பைக்க மெதுவா ஓட்டுங்க, உங்க மூஞ்சியே சரியில்ல. போற வழியில தூத்துக்குடி ரோட்டுல மாப்பிள்ளையப் பெத்தவங்க வீடு, பச்ச கேட்டு, அங்க ஒரு நிமிசம் நின்னு அவங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. மகனுக்கு ஒண்ணும் இல்ல, பயப்பட வேண்டாம்னு. அவங்க நெஞ்சு வலிக்காரி, பாவம்.